சிலுவைக்கு முன்னால் இரண்டு கதிரைகள்

உபதேசியார் வேலை என்றால் பிரசங்கம் செய்வது என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் அது கதிரை அடுக்கும் வேலை. ஆள் உட்காரக் கதிரை போட்டுவிட்டு, ஒருவரும் வராமல் அந்தக் கதிரைகளோடு கதைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு சின்ன ஆலயத்துக்கு என்னை அனுப்பினார்கள். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டக்களப்பிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான். பின்னால் ஒரு அறை, ஒரு சைக்கிள், சபையார் பதினைந்து பேர்.

நடுவில் யார்?

சபையில் வசதியானவர் ஒரு கடை முதலாளி. காலமான தகப்பனின் நினைவாகத் திருவிருந்து மேசைக்கு ஒரு விரிப்புத் தருவதாகச் சொல்லி, கடதாசியில் மாதிரியும் கீறித் தந்தார். நடுவில் தகப்பனின் பெயர், கீழே தன் பெயர், இடது மூலையில் ஒரு சிலுவை. அவர் குடும்பம் ஆறு பேர். பதினைந்தில் ஆறு போனால் என்ன மிஞ்சும் என்ற பயத்தில் தலையாட்டிவிட்டு மருதமுனைக்குச் சைக்கிளை மிதித்தேன்.

அங்கே கைத்தறி நெய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடதாசியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. "எங்கட பள்ளியில இப்பிடி ஒரு பேர முன்னுக்கு வெச்சுத் தொழ ஏலாது மாஸ்டர். நீங்க ஞாயித்துக்கெழம ஆர வணங்குற, இவர்ட வாப்பாவையா?"

ஆறு கதிரை

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிலுவையை நடுவில் பெரிதாக நெய்யுங்கள், பெயர்களை உள்மடிப்பில் சின்னதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மருதமுனையில் இருந்த துணிச்சல் கல்முனைக்கு வரும்போது பாதி கரைந்துவிட்டது.

முதலாளி விரிப்பைப் பார்த்தார். மடிப்பைப் புரட்டினார். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்துச் சொன்னார்: "விரிப்ப நீங்களே வெச்சுக்கொள்ளுங்க. எங்கட ஆறு கதிரையையும் எடுத்து உள்ளுக்கு வையுங்க."

அறிவித்தல்

கிழமையில் எனக்கு மனிதரோடு கதைக்கக் கிடைத்தது அந்த ஞாயிறு காலை மட்டும்தான். ஆராதனை முடிந்தால் மிச்சப் பேரும் போய்விடுவார்களே என்று அறிவித்தல்களை நீட்டினேன். சுகமில்லாதவர்களின் விபரம், மழை, வெள்ளாண்மை, கடைசியில் என் ஊர்க் கதை. வேதவாசிப்பும் ஜெபமும் சுருங்கிக்கொண்டே போனதை நான் கவனிக்கவேயில்லை.

கவனித்தவர், சபையில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் அம்மா. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து இளைப்பாறியவர், அதட்டிப் பழகியவர். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இயேசுவுக்குப் பத்து நிமிசம், உங்களுக்கு முக்கால் மணித்தியாலம். தனிய இருக்கிறது கஷ்டமெண்டா வீட்ட வந்து கதையுங்க தம்பி, அவர்ட நேரத்த எடுக்காதீங்க."

இரண்டு கதிரை

எண்பதுகளின் நடுவில் சண்டையில் ஊர் குழம்பியது. சபைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மட்டக்களப்புக்கும் வெளிநாட்டுக்கும் போயின. ஒரு ஞாயிறு கடைகள் எல்லாம் பூட்டு, பஸ்ஸும் இல்லை. பழைய பழக்கத்தில், போனவர்களுக்கும் சேர்த்து ஒன்பது கதிரை போட்டு மணி அடித்தேன். மிஸ்ஸி மட்டும் நடந்து வந்தார்.

"ஒருவரும் இல்லை, வீட்டுக்குப் போவோம்" என்றேன். அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் முடியவில்லை. மிஸ்ஸி ஒரு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பக்கத்தில் இன்னொன்று, எனக்கு. இரண்டும் மேசையைப் பார்த்தபடி இருந்தன. இத்தனை வருடமும் சனத்தைப் பார்த்து, அந்த மேசைக்கு முதுகு காட்டியே நின்றிருக்கிறேன். காக்கா நெய்த சிலுவைக்கு நேர் எதிரே நான் உட்கார்ந்தது அன்றுதான். மிஸ்ஸி பாட்டுப் புத்தகத்தை விரித்தார். "ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லாதீங்க. நாம ஆரத் தேடி வந்தமோ அவர் இருக்கிறார். என்னப் பாக்காம அங்கால பாத்துத் தொடங்குங்க."

கதிரை அடுக்கும் சகோதரர்களே, என் தனிமை அன்றைக்கும் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை, ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு என் அறிவித்தல் மட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதேயில்லை.