பன்னிரண்டு கோடுகள்

எழிலரசி எதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். பி.எஸ்சி. முதல் வருடம் ஆய்வகத்தில்தான் கீர்த்தனா அதை முதலில் கவனித்தாள். அம்மீட்டரின் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளப் போனவளைத் தடுத்து, கண்ணாடியை நகத்தால் மெல்லத் தட்டினாள் எழிலரசி. முள் அரைக்கோடு நகர்ந்து நின்றது.

"ஒட்டிக்கினு இருந்துச்சு. இப்ப எழுது."

அதன்பிறகு ஐந்து வருடம் கீர்த்தனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் நிலையத்து எடை மெஷின், ரேஷன் கடைத் தராசு, ஆட்டோ மீட்டர், எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு. எம்.எஸ்சி. ஆய்வகத்தில் எண் மட்டும் ஒளிரும் புது மீட்டரையும் தட்டினாள். "அதுல முள்ளே இல்லியேடி" என்று கீர்த்தனா சிரித்தபோது, "அதுக்கு இன்னா, நம்பர் மட்டும் ஒட்டிக்காதா?" என்றாள்.

இருவருமே வீட்டில் முதல் பட்டதாரிகள். எழிலரசிக்கு ஊர் அடி அண்ணாமலை. அப்பா கொஞ்சம் நிலத்தில் மணிலாக் கடலை போடுவார். அம்மா ரேணுகாம்பாள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் எலுமிச்சைச் சாறு கடை போடுவாள். கீர்த்தனாவின் அம்மாவுக்கு செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறை பெருக்கும் வேலை. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தால் என்ன ஆகலாம் என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. கீர்த்தனாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை முடித்தால் பி.எட். போகலாம், முடிக்காவிட்டால் அம்மாவோடு அறை பெருக்கப் போகலாம்.

அவர்கள் ஆய்வகத்தில் 'மதர் ரெக்கார்டு' என்று ஒன்று இருந்தது. பழைய மாணவர் யாரோ எழுதிவைத்துப்போன ரெக்கார்டு நோட்டு. பாதிக் கருவிகள் வேலை செய்யாத ஆய்வகத்தில், எல்லாச் சோதனைகளின் அளவீடுகளும் அதில் இருந்தன. ஒவ்வொரு வருடமும் அதைப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதுவார்கள். கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்வது மரபு. அட்டை கிழிந்து, மூன்று முறை பைண்டு செய்யப்பட்டு, அது கைமாறிக்கொண்டே இருந்தது.

கடைசி செமஸ்டரில் ஹால் எஃபெக்ட் வந்தது. சிறிய குறைக்கடத்திச் சில்லு ஒன்றில் மின்சாரம் செலுத்தி, அதைக் காந்தத்தின் நடுவே வைத்தால், குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். அது ப்ளஸ்ஸில் வந்தால் சில்லு ஒரு வகை. மைனஸில் வந்தால் வேறு வகை. மதர் ரெக்கார்டில் எல்லாமே ப்ளஸ். எழிலரசி மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். மைனஸ்.

வயர்களைக் கழற்றி மாட்டினாள். காந்தத்தின் வடக்கு தெற்கைத் திசைகாட்டி வைத்துச் சரிபார்த்தாள். மூன்று மதியங்கள். பன்னிரண்டு அளவீடுகளும் மைனஸ். "எதையாச்சும் எழுதித் தொலைடி" என்று கீர்த்தனா கெஞ்சியும் கேட்காமல், மைனஸையே இங்க்கில் எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனாள். கீர்த்தனா தன் நோட்டில் வழக்கம்போல் ப்ளஸ் எழுதியிருந்தாள்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் கௌரவ விரிவுரையாளர் ராமகிருஷ்ணன். இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே பெஞ்சு. ஒருத்திக்கு ப்ளஸ், ஒருத்திக்கு மைனஸா?"

"சார், மைனஸ்தான் சார் வருது. நூறு வாட்டி பாத்துட்டேன்."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தெரியும்மா. பழைய சில்லு உடைஞ்சுபோயி புதுசு வந்துச்சு. அது வேற டைப்பு. நான்தான் பிரிச்சு மாட்டினேன்."

"அப்ப ஏன் சார் மதர் ரெக்கார்டுல மாத்தல?"

"மாத்தணும்னுதான் இருந்தேன். அந்த வருஷம் எக்ஸ்டர்னலா வந்த எக்ஸாமினர் பழசப் பாத்தே டிக் போட்டுட்டுப் போயிட்டாரு. அடுத்த வருஷமும் அப்படியே. இப்ப மாத்தினா, இத்தினி வருஷமா எதுலய்யா கையெழுத்து போட்டேன்னு கேப்பாங்க. ஜூன்ல எனக்கு மறுபடி வேலைக்கு ஆர்டர் வரணும்மா." நோட்டுகளைத் திருப்பி நகர்த்தினார். "ரெண்டு பேருதும் ஒண்ணா இருக்கணும். ப்ளஸ்ஸா இருக்கணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கொண்டாங்க. கையெழுத்து இல்லன்னா ரெண்டு பேருமே பிராக்டிகல் உக்கார முடியாது. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

மறுநாளிலிருந்து எழிலரசி கல்லூரிக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை பௌர்ணமி. ஊருக்குள் பஸ் விடவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கீர்த்தனா செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். எல்லாரும் வெறுங்காலோடு நடக்க, இவள் மட்டும் செருப்போடு போனாள். முறைத்தவர்களிடம் என்ன சொல்வது? சுற்ற வரவில்லை, ஒரு குறியை மாற்ற வந்திருக்கிறேன் என்றா?

அடி அண்ணாமலையில் கடை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. எழிலரசி தலை நிமிராமல் பழம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வா கண்ணு" என்றாள் ரேணுகாம்பாள். "இவளை இன்னான்னு கேளு. மூணு நாளா சரியா சோறு துன்னல."

"எழிலு, நாளைக்கு நாலு மணிடி."

"தெரியும்."

"ப்ளஸ்ஸு போட்டா இன்னா கொறஞ்சிடும்? மத்ததெல்லாம் பாத்துத்தானே எழுதினோம்? அப்பல்லாம் வராத கோவம் இப்ப இன்னா?"

எழிலரசி பிழிந்த தோலைப் பக்கெட்டில் எறிந்தாள். "அதான்டி. அஞ்சு வருஷமா எவ்ளோ தட்டினாலும், மத்தது பூரா மதர் ரெக்கார்டப் பாத்து எழுதினது. இது ஒண்ணுதான் நானா பாத்தது. நெசமா புரிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் அழிச்சிட்டா எம்.எஸ்சி.ன்னு என்கிட்ட இன்னா இருக்கு?"

கீர்த்தனாவுக்குத் தன்னிடம் அந்த ஒன்றுகூட இல்லையே என்று தோன்றியது. "எங்கம்மா ஏற்கெனவே விடுதில எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்கடி. பொண்ணு டீச்சராவப் போறான்னு" என்றாள்.

கிளாஸுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, உப்பா சக்கரையான்னு கேப்பீங்கன்னு பாத்தா, ப்ளஸ்ஸு மைனஸுன்றீங்க. எனக்கு ரெண்டும் கலந்து போடுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ரேணுகாம்பாள் அவருக்குச் சாற்றைக் கொடுத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "மைனஸுன்னா படுத்துனு இருக்கற கோடுதானே? அதும்மேல நிக்கற கோடு ஒண்ணு போட்டா ப்ளஸ்ஸு. ஒரு கோட்டுக்கா ரெண்டு பொண்ணுங்க இப்படி நிக்கறீங்க?"

எழிலரசி கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். பிறகு ஈரக் கைகளைக் கீர்த்தனாவிடம் விரித்துக் காட்டினாள். "என் கையெல்லாம் சாறு. அந்தப் பையில நோட்டு இருக்குது. நீயே போடு."

ஐஸ் பெட்டியின் மூடிமேல் நோட்டை வைத்துக் கீர்த்தனா கோடு போட்டாள். பன்னிரண்டு கோடுகள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும் எழிலரசி கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தை நகத்தால் ஒரு தட்டு தட்டினாள். பிறகு அடுத்த பழத்தை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ராமகிருஷ்ணன் சார் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பிராக்டிகலில் சீட்டு எடுத்தபோது ஹால் எஃபெக்ட் வந்தது கீர்த்தனாவுக்குத்தான். மீட்டர் மைனஸ் காட்டியது. அவள் மனப்பாடத்திலிருந்து ப்ளஸ் எழுதினாள். எக்ஸ்டர்னல் டிக் போட்டார். இருவரும் தேறினார்கள்.

கல்லூரியின் கடைசி நாளில், முதல் வருடத்து அபிநயா இருவரையும் படிக்கட்டில் நிறுத்தினாள். அந்த மூன்று மதியங்களும் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவள் அவள். "அக்கா, ஹால் எஃபெக்ட்ல ப்ளஸ்ஸா மைனஸா, எது சரி? நான் எதை எழுதறது?"

"மைனஸ்தான்" என்றாள் எழிலரசி. "நான் ஒரு பக்கத்துல எல்லாம் எழுதித் தரேன். வயர் எப்படி, காந்தம் எந்தப் பக்கம், சில்லு எப்ப மாத்தினது, எல்லாம். மதர் ரெக்கார்டுல ஒட்டிடு."

அபிநயாவின் முகம் மலர்ந்ததைக் கீர்த்தனா பார்த்தாள். இவள் நிச்சயம் எழுதுவாள் என்றுதான் அன்று நினைத்தாள்.

இப்போது கீர்த்தனா பி.எட். படிக்கிறாள். எழிலரசி செங்கம் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். போன மாதம் கீர்த்தனா அங்கே போனபோது, வகுப்பில் எழிலரசி ஒரு மாணவிக்கு அம்மீட்டரைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தட்டவில்லை.

நேற்று அபிநயாவிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, எழில் அக்கா போன் எடுக்க மாட்டேன்றாங்க. வெள்ளிக்கிழமை ரெக்கார்டு சப்மிஷன். அந்தப் பக்கம் கெடைக்குமா?'

கீர்த்தனா உடனே எழிலரசியை அழைத்தாள்.

"எழுதத்தான்டி உக்கார்றேன்" என்றாள் எழிலரசி. "முதல் வரியே வர மாட்டேன்னுது. நாங்க மாத்தி எழுதினோம்னு ஆரம்பிக்கணும். அப்புறம் சார் பேரு வரும். உன் பேரு வரும். அத எப்படி நான் எழுதறது, சொல்லு?"

என் பேரையும் எழுது என்று கீர்த்தனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அல்லது அந்தப் பக்கத்தைத் தானே எழுதியிருக்கலாம். கோடு போட்டது அவள் கைதானே? ஆனால் அந்தச் சில்லு ஏன் மைனஸ் காட்டுகிறது என்று விளக்கி எழுத அவளுக்கு இன்னமும் தெரியாது. அது எழிலரசிக்குத்தான் தெரியும்.

இன்று வியாழன். அபிநயாவுக்கு எழிலரசி தர வேண்டிய அந்த ஒரு பக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை.