மேலே பார்க்காத தலைவியக்கா

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பழைய இடுப்பு பெல்ட் ஒன்று தொங்குகிறது. மஞ்சள் நிறம் வெளிறி, தொடைப் பட்டைகள் நைந்துவிட்டன. இப்போது மரம் ஏற வேறு நல்ல பெல்ட் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு போகிக்கும் என் வீட்டுக்காரர் இதைக் குப்பையோடு சேர்க்கப் பார்ப்பார், நான் விடுவதில்லை. இது கடனில் வாங்கியது. அந்தக் கடனை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் எங்கள் மகளிர் குழுவின் தலைவியக்கா.

எடப்பாடிக்குப் பக்கத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்த தறிகள் பழைய இரும்புக்குப் போன வருஷம் அது. வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கையில் வேலை இல்லை. நாமக்கல்லில் தென்னை ஏறும் கருவிக்கு இலவசப் பயிற்சி என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாளே உச்சிக்கு ஏறி உட்கார்ந்தபோது காதில் தறிச் சத்தம் இல்லை, காற்று மட்டும்தான். பிழைப்பு இனி இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் தேங்காய் பறித்தே காலம் தள்ள முடியாது. வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளை, கோழிப் பண்ணைமேல் விழப் பார்க்கும் மரம், இவற்றைக் கயிறு கட்டிப் பதமாக இறக்குகிறவர்களுக்குத்தான் எங்கள் பக்கம் ஓயாத வேலை. அந்தப் பயிற்சியைச் சேலத்தில் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். பெல்ட், கயிறு, மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

குழுவில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "ஏம்புள்ள, மரத்துல ஏறவா லோனு?" சிரிப்புக்குள் பயமும் இருந்தது. குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள்தான் கட்ட வேண்டும். நான் விழுந்தால் எல்லோர் வீட்டு அடுப்பிலும் அது தெரியும். கடைசியில் ஒருத்தி எங்கள் ஊருக்குப் பழகிப்போன வழியைச் சொன்னாள். "மேச்சேரி ஆடு வாங்கறதா எழுதிக்கலாம். பேங்க்ல இருந்து பாக்க வந்தா என்ற மாமியா ஊட்டு ஆட்டைப் புடிச்சாந்து கட்டிக்கலாம்." எங்கள் ஊரில் எத்தனையோ கல்யாணச் செலவும் காதுகுத்துச் செலவும் ஆடு என்றுதான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மாமியார் வீட்டு ஆடு எங்களைவிட அதிகமான அதிகாரிகளைப் பார்த்த ஆடு.

தலைவியக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். குரலை உயர்த்த மாட்டார். "ஆட்டுக்கு வாங்கி மரத்துல ஏறி வுழுந்தா, ஆடு முட்டி வுழுந்தேன்னா சொல்லுவ? மரத்துக்குன்னா மரத்துக்குன்னே எழுதோணும். மொதல்ல இன்சூரன்ஸ் போடு. வுழமாட்டேன்னு நீ சொல்றது எனக்கு வேண்டாம்" என்றார். அப்படி ஒரு தொழிலுக்கு இதுவரை கொடுத்ததில்லை என்று வங்கியில் கையை விரித்தார்கள். மாவு விற்ற கையோடு அக்கா தூக்குவாளியும் கையுமாக அங்கே போய் உட்காருவார். "கொடுத்ததில்லைன்னா இப்பக் கொடுங்க சார், அடுத்து வாரவளுக்குச் சுளுவா இருக்கும்" என்பார். கடைசியில் கடன் வந்தது. குழுவில் முதல் கையெழுத்து அவருடையது.

சேலத்துப் பயிற்சியில் நான் பட்ட பாடு வேறு. தறியில் அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய விரல்கள் கயிற்றையும் துளியூண்டு நுனி விட்டு முடிந்து, மிச்சத்தை நறுக்கக் கத்தியைத் தேடின. பயிற்சி கொடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். முடிச்சுக்கு வெளியே ஒரு முழம் நீளம் விட என் கை மெதுவாகத்தான் படிந்தது.

பிறகு வங்கி அதிகாரி பார்வையிட வந்தார். "கடன்ல வாங்கின பொருளைக் காட்டுங்க" என்றார். அப்போது நான் கோயிலடி வேம்பின்மேல் இருந்தேன்.

"மேல பாருங்க சார்" என்றார் தலைவியக்கா.

அதிகாரி நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். குழுவே அண்ணாந்து பார்த்தது. தலைவியக்கா மட்டும் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மேலேயிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. இறங்கி வந்து, "எல்லாரும் பாத்தாங்க, நீங்க பாக்கலியேக்கா" என்று கேலி செய்தேன். "மாவு பொங்கி வழிஞ்சுரும்" என்று போய்விட்டார்.

வெகுநாள் கழித்துத்தான் ஆடு யோசனை சொன்னவள் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். நுங்கு வெட்டப் பனையில் ஏறிய தலைவியக்காவின் தம்பி, கீழே பொறுக்கிக்கொண்டிருந்த அவர் கண்முன்னால் விழுந்து செத்துப்போனானாம். அன்றிலிருந்து மரத்தில் ஆள் இருந்தால் தலைவியக்கா மேலே பார்ப்பதில்லை. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்க்கவே முடியாத ஒரு வேலைக்கு முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு முன்னால் நான் மரம் ஏறுவது ஒன்றுமே இல்லை.

இப்போது அவர் திருப்பூரில் மகளோடு இருக்கிறார். போன வாரம் ஒரு வாகை மரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வீடியோ காலில் கூப்பிட்டார்.

"மரத்துமேல இருக்கறனுங்க்கா. எறங்கிட்டுக் கூப்புடறேன்."

செல்லைக் கவிழ்த்தார் போல, திரை இருண்டது. கட் செய்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"எறங்காத சாமி. செல்லைத் தள்ளிப் புடி. பாக்கறேன்."

கையை நீட்டிப் பிடித்தேன். கயிறு, கிளை, கிளையில் நான், கீழே தூரத்தில் தரை, எல்லாம் தெரிந்திருக்கும். அவர் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"பெல்ட்டு புதுசாட்ட இருக்குது. அந்த மஞ்சளை என்ன பண்ணுன?"

"கதவுக்குப் பின்னால தொங்குதுங்க்கா."

"தொங்கட்டும்" என்றார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நம்ம வாங்குன ஆடு அதுதான்."