மேலே விட்ட மூன்று சென்டிமீட்டர்

சி.டி. ஸ்கேன் எடுப்பது பத்து நொடி வேலை. மற்ற நேரமெல்லாம் ஆளைச் சமாளிப்பதில் போகும். பெல்ட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் இருக்கும் சாவிக்கொத்து, சில்லறை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கித் தட்டில் வைக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவரிடம், இது குகை இல்லை, வளையம்தான், அந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற டெக்னீஷியன், மருத்துவமனையின் தரைத்தளத்தில் கோடையிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். மெஷினுக்குக் குளிர் வேண்டும். மனிதனுக்கு வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை.

குடியிருக்கும் தெருவில் அவருக்குப் பெயர் 'பாதி டாக்டர்'. காய்கறிக் கடையில் நின்றால் போதும், சந்தேகங்கள் வந்துவிடும். தலையணைக்கு அடியில் போன் வைத்தால் மூளைக்குக் கெடுதலா? மைக்ரோவேவில் சுடவைத்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? அவர் அலுத்துக்கொள்ளாமல் விளக்குவார். போனிலிருந்து வரும் அலை சூடாக்கும், உடம்பின் செல்களை உடைக்காது. எக்ஸ்ரே உடைக்கும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் பத்து நாளில் நம்மேல் படுகிற கதிர்தான் நெஞ்சுக்கு எடுக்கும் ஒரு சாதா எக்ஸ்ரே. வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் என்றால் அது வருடக்கணக்கு. "அதனால ஆசைக்கு எடுக்காதீங்க, டாக்டர் எழுதினா மட்டும் எடுங்க" என்று முடிப்பார். தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறவர் என்று கடைக்காரர் கிண்டல் செய்வார்.

கதிரில் அவ்வளவு கறார் என்பதால், மெஷினில் ஒரே ஒரு காரியத்தை மிகக் கவனமாகச் செய்வார். முதலில் மெஷின் உடம்பை நீளவாக்கில் மங்கலாக ஒரு படம் எடுக்கும். நிழல் மாதிரி இருக்கும். அதன்மேல் மவுஸால் ஒரு கட்டம் போட வேண்டும். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்பது அந்தக் கட்டம்தான். அதற்குள் இருப்பதை மட்டுமே மெஷின் மெல்லிய துண்டு துண்டாகப் படம் பிடிக்கும். சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும்போது சிறுநீரகத்தின் தலையில் ஆரம்பித்தால் போதும் என்பது விதி. வழக்கத்தில் எல்லோரும் ஒரு மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளி ஆரம்பிப்பார்கள். கட்டாயம் இல்லை, கைப்பழக்கம். அப்படி எடுத்தால் நுரையீரலின் கீழ் ஓரமும் படத்தில் வந்துவிடும்.

அவருடைய மனைவிக்கு ஒரே தம்பி. ஃப்ரிட்ஜ் மெக்கானிக், வயது நாற்பத்தொன்று. உடம்பில் எங்கே தட்டினாலும் சிரிப்பு வருகிற ஆள். அவன்தான் ஒரு நாள் விலாவைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் வந்தான். கல் வலி. மூன்று வருடத்தில் அது மூன்றாவது முறை. வியர்த்துக் கொட்டும்போதும் வாய் ஓயவில்லை. கேஸ் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கத் தனக்குக் கொஞ்சம் சோப்பு நுரை போதும் என்றும், மாமாவுக்குத்தான் ஓர் அறை நிறைய மெஷின் தேவைப்படுகிறது என்றும் நர்ஸிடம் சொன்னான்.

கட்டம் போடும்போது டெக்னீஷியனின் கை நின்றது. மூன்று வருடத்தில் மூன்றாவது ஸ்கேன். வெளியாளுக்கே யோசிக்கிறவர், இவனுக்கு யோசிக்காமல் இருப்பாரா? மேல் கோட்டைக் கீழே இறக்கி, சிறுநீரகத்தின் தலைக்குச் சரியாக வைத்தார். வழக்கமான மூன்று சென்டிமீட்டரை விட்டுவிட்டார். கல் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் குடித்தே வெளியேற்றிவிடலாம் என்றார்கள், அப்படியே போனது. தம்பிக்கு மற்றவர்களைவிடக் கம்மியாகத்தான் கதிர் கொடுத்தேன் என்று அவர் வீட்டில் சொன்னபோது, மனைவி அதைப் போனில் தம்பிக்குச் சொன்னாள். அவன் அதைத் தன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான்.

பத்து மாதம் கழித்து அவனுக்கு இருமல். மருந்து குடித்தும் போகவில்லை. பிறகு முதுகில் வலி. நெஞ்சுக்கு ஸ்கேன் எழுதினார்கள். அதையும் மாமாதான் எடுத்தார்.

வலது நுரையீரலின் அடியில், முதுகுப் பக்கம், எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. கல்லீரலில் இரண்டு. முதுகெலும்பில் ஒன்று. பத்து நொடியில் எல்லாம் திரைக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

டெக்னீஷியன் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முகமும் பேசக் கூடாது. எழுந்து உட்கார்ந்த நோயாளி முதலில் பார்ப்பது இவர் முகத்தைத்தான்.

"என்ன மாமா, எங்க லீக்கு?"

"டாக்டர் சொல்லுவாங்க மாப்ள."

மதியம் அறை காலியாக இருந்தபோது பழைய படத்தைத் திறந்து புதியதன் பக்கத்தில் வைத்தார். அளவுகோலைப் போட்டுப் பார்த்தார். கட்டியின் நடுப்பகுதி, அன்றைக்குப் போட்ட கட்டத்துக்கு நேர் மேலே. விட்டுவிட்ட அந்த மூன்று சென்டிமீட்டருக்குள். மூன்று விரல் அகலம்கூட இல்லை. பத்து மாதத்துக்கு முன் அங்கே ஒரு பட்டாணி இருந்திருக்கலாம். பட்டாணியாக இருந்திருந்தால் வெட்டி எடுத்திருப்பார்கள். ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

மிச்சம் இருந்தது, கட்டம் போடுவதற்காக எடுத்த மங்கலான முதல் படம். அது மட்டும் அந்த இடத்தையும் காட்டும். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார், பெரிதாக்கினார். கல்லீரலின் நிழலுக்குப் பின்னால் ஏதோ இருப்பது போலத் தெரிந்தது. இடது பக்கம் பார்த்தார். அங்கும் ஏதோ இருப்பது போலத்தான் தெரிந்தது. தேடுகிற கண்ணுக்கு எங்கே பார்த்தாலும் பட்டாணிதான். கொண்டுவந்த சாப்பாட்டை அன்று அவர் திறக்கவே இல்லை.

மறுநாள் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் இரண்டு படத்தையும் திறந்து வெகுநேரம் பார்த்தார். விதிப்படி சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள், இதை ஒருத்தரும் தப்பென்று சொல்ல முடியாது என்றார்.

"அன்னிக்கு அது இருந்திருக்குமா மேடம்?"

"படத்துல இல்லாத இடத்தைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லிக்காதீங்க."

விதியை மீறியிருந்தால் ஒரு தண்டனையாவது கிடைத்திருக்கும். அதற்கும் வழியில்லை.

மனைவியிடம் சொல்ல அவருக்கு இரண்டு வாரம் ஆனது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு இடம் என்று கேட்டாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் காட்டினார். அதைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

"அவன்கிட்ட சொல்லாதீங்க," என்றாள். "மருந்து ஏத்துற ரூம்ல எல்லார்கிட்டயும் உங்க பெருமையைத்தான் பேசிட்டிருக்கான்."

அதன் பிறகு வந்த நோயாளிகளுக்கெல்லாம் அவர் கட்டத்தைப் பெரிதாகப் போட ஆரம்பித்தார். கல்லுக்கு வந்தவருக்கு நுரையீரல் பாதிவரை, குடல்வாலுக்கு வந்தவருக்கும் அப்படியே. யாரும் கேட்கவில்லை. ஐந்து வாரம் கழித்து, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மெஷின் குறித்துவைக்கும் கதிர் அளவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் திட்டவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தியின் படத்தைக் காட்டி, இவளுக்கு எதற்கு இவ்வளவு மேலே என்று மட்டும் கேட்டார். காய்கறிக் கடையில் வருடக்கணக்காகத் தான் சொல்லிவந்த அதே கணக்கைத் தன்னிடமே ஒருவர் சொல்லக் கேட்டு, தலையாட்டிவிட்டு வந்தார். கட்டம் பழைய அளவுக்குத் திரும்பியது.

புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து கேட்கவில்லை. நான்காவது மாதம் சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டு முன்னறையில், ஜன்னல் பக்கம் அவனுக்குக் கட்டில் போட்டார்கள். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அதன் கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இதைச் செய்தவனுக்கு வேலை தெரியாது என்றான். ஒரு நாள் காலை, மாமா வேலைக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, கல்லுக்கு எடுத்தீங்களே. அதுலயே இது தெரிஞ்சிருக்காதா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. டாக்டர் சொல்லுவாங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். படத்தைப் பற்றிக் கேட்ட எத்தனையோ ஆயிரம் பேரிடம் அவர் அதுவரை அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

"அந்த இடத்தை அன்னிக்கு எடுக்கல மாப்ள. வழக்கமா எடுப்போம். உனக்குக் கதிர் கம்மியா படட்டும்னு நான்தான் கோட்டைக் கீழ இறக்கினேன்."

அவன் மூச்சு வாங்கினான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப, அன்னிக்கு இருந்துச்சா?"

"தெரியல."

"இனிமே தெரியுமா?"

"தெரியாது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இவர் ஷூ லேஸைக் கட்டாமலேயே எழுந்து போனார்.

அதற்குப் பிறகும் அவன் ஆறு வாரம் இருந்தான். சண்டை எதுவும் இல்லை. தலையணையை உயர்த்தச் சொல்வான், ஃபேனைக் குறைக்கச் சொல்வான், டிவியில் ஓடுகிற செய்தியைப் பற்றிக்கூடப் பேசுவான். மூன்றாவது நாள்தான் டெக்னீஷியன் அதைக் கவனித்தார். கொஞ்சம் தண்ணி, இந்தப் பக்கம் பிடிங்க, போதும். பேச்சில் மாமா என்ற சொல் மட்டும் இல்லை. மூச்சு விடவே முடியாதவன் ஒரு சொல்லைக் குறைத்துத்தானே பேசுவான் என்று மனைவி சொன்னாள். அவரும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

அக்கா என்று மட்டும் கடைசி நாள்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.