ஏலத்தில் எதிரே நின்றவர்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, துர்கா பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும். கொல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகளின் பெயரை எழுதி வரிசைப்படி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். மகள் எட்டாம் வகுப்பு. வீட்டிலேயே பாதி வங்காளத்தில்தான் பேசுவாள்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கல் சேர்ப்பது. நகைக்கல் இல்லை, ராசிக்கல்லும் இல்லை. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வருமுன் நான்கு வருடம் புனேவில் இருந்தோம். அந்தப் பக்கத்தில் கிணறு தோண்ட வெடி வைத்தால், கரும்பாறைக்குள் சின்னச் சின்னப் பொந்துகள் தெரியும். சில பொந்துகளுக்குள் படிகங்கள் இருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, எப்போதாவது பச்சை. பக்கத்து வீட்டுக் கட்டட கான்ட்ராக்டர் ஒருநாள் எதையோ தாளில் சுற்றிக்கொண்டுவந்து, உங்க பொண்ணு விளையாடட்டும் என்று கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கையளவு கல், அதன் ஒரு பக்கம் முழுக்கக் கற்கண்டு உடைத்துப் பதித்ததுபோல் மின்னியது. மகள் விளையாடவில்லை. நான்தான் விளையாட ஆரம்பித்தேன்.

கொல்கத்தாவில் அப்படிக் கல் கிடைக்கவில்லை. அப்போதுதான் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது, இணைப்பும் வந்தது. ஏலத்தளம் ஒன்றில் பழைய நாணயம், தபால்தலையோடு கல்லும் விற்கிறார்கள் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். படம் போட்டிருப்பார்கள். நாம் விலை கேட்க வேண்டும். ஒரு வாரம் முடியும்போது யார் கேட்ட விலை அதிகமோ அவருக்குக் கல். அந்தத் தொகைக்கு வங்கியில் டிடி எடுத்து அனுப்பினால் பார்சல் வரும்.

முதலில் இரண்டு மூன்று சின்னக் கற்கள் நல்லபடியாக வந்தன. பிறகு தோற்க ஆரம்பித்தேன். நான் ஆசைப்பட்ட கல்லையெல்லாம் ஒரே ஆள் தட்டிக்கொண்டு போனார். தளத்தில் எல்லாருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. அந்த ஆளின் பெயர் ‘நுரி’. ஏதோ பணக்கார வியாபாரி, குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கைக்காக விலையை ஏற்றுகிறார் என்று மனதுக்குள் ஒரு உருவமே செய்து வைத்திருந்தேன். மீசைகூட வைத்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பச்சைக் கல் வந்தது. வெளிர்பச்சைப் படிகங்கள் கொத்தாக நிற்க, அடியில் பீச் பழ நிறத்தில் இன்னொரு படிகம் விசிறியாக விரிந்திருந்தது. படத்தைப் பார்த்த நிமிடமே அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். நான் ஒரு விலை கேட்டால் நுரி அதற்கு மேல் கேட்டார். நான் ஏற்றினேன். இடையில் இன்னொரு பெயரும் வந்து ஏற்றியது. அது யார் என்று நான் கவனிக்கவே இல்லை. எனக்கு நுரியைத் தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி நாள் கிளினிக்குக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது விலை. அப்படியும் கிடைக்கவில்லை. அந்த மூன்றாவது பெயர் கொண்டுபோய்விட்டது.

பள்ளியிலிருந்து வந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஹேரே கேலே, மா?” என்றாள். தோத்துட்டியா என்று அர்த்தம். எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

இரண்டு நாள் கழித்து விற்பனையாளரிடமிருந்து எனக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. ஏலத்தில் ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டாராம். நான் கடைசியாகக் கேட்ட விலைக்கே கல்லை எனக்குத் தருகிறாராம். உடனே டிடி அனுப்ப வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவர் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகக் கடிதத்தைக் காட்டினேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தார்.

“அவ்வளவு போட்டி போட்டு ஜெயிச்சவரு, ரெண்டு நாள்ல ஏன் வேண்டாங்கறாரு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியாது. அதன்பிறகுதான், யார் யார் என்னென்ன விலை கேட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஒருமுறைகூட நான் அதை அழுத்தியதில்லை. ஜெயித்த ஆள் அந்த மாதம்தான் தளத்தில் சேர்ந்திருந்தார். அதுவரை ஒரு பொருளும் வாங்கியதில்லை. ஆனால் அந்த ஒரே விற்பனையாளரின் பதினாறு கற்களுக்கு விலை ஏற்றியிருந்தார். விற்பவரே இன்னொரு பெயரில் வந்து நின்று ஏற்றியிருக்கிறார் என்பது விளங்கிவிட்டது. ஏற்ற முடிந்தவரை ஏற்றுவது, தப்பித் தவறித் தானே ஜெயித்துவிட்டால் ‘பின்வாங்கி’ அடுத்தவர் தலையில் கட்டுவது. இதுதான் அவருடைய தொழில்முறை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுரியும் அதே விற்பனையாளரிடம் நிறையக் கற்களுக்கு விலை கேட்டிருந்தது கண்ணில் பட்டது. அப்படியானால் நுரியும் போலிதான்! எத்தனை மாதக் கோபம் எனக்கு! தளத்துக்கு ஒரு புகார் எழுதினேன், இரண்டு பெயரையும் சேர்த்து. அதுவும் போதாமல், தளத்தின் வழியாக நுரிக்கே நேராக ஒரு கடிதம் எழுதினேன். வெட்கமில்லையா, இல்லாத ஆளாக வந்து நின்று விலையை ஏற்றி, அந்தப் பச்சைக் கல்லை என் தலையில் கட்டப் பார்த்து, ஏழைபாழைகளின் பணத்தைப் பறிக்கிறீர்களே என்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை கடுமையான சொற்களையும் போட்டேன். எழுதி முடித்தபோது மிகவும் நன்றாக இருந்தது.

மறுநாள் பதில் வந்தது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலம், என்னுடையதைவிட எளிமையானது. “நான் நிஜமான ஆள். கொல்கத்தாவில்தான், பெஹாலாவில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பச்சைக் கல் எனக்குத் தருவதாக எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. இன்று டிடி எடுக்கப் போக இருந்தேன். உங்களுக்கும் வந்ததா? இன்று காலையிலிருந்து தளத்தில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஏன் என்று தெரியவில்லை.” கீழே ஒரு தொலைபேசி எண்.

ஒரே கல்லை இரண்டு பேருக்கு விற்கிறார் அந்த மனிதர். இரண்டு டிடியும் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு பேருக்குமே கல் வந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ‘ஏன் என்று தெரியவில்லை’ என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குத் தெரியுமே.

போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வழி கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காளிகாட் மெட்ரோ பக்கம் இறங்கி மினிபஸ் பிடித்துப் பெஹாலா போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை.

கதவைத் திறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். இரவுப் பணி முடித்து வந்து சற்றுமுன்தான் குளித்திருக்கிறார், தலையில் துண்டு. “ஆஷுன், ஆஷுன் தீதி,” வாங்க அக்கா என்று உள்ளே கூப்பிட்டார். நாங்கள் இந்தியும் வங்காளமும் கலந்துதான் பேசினோம். உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்.

“புகார் குடுத்தது நான்தான். ஒண்ணும் விசாரிக்காம குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவர் ஏலத்தில் கேட்டிருந்த இன்னொரு கல் அந்த வாரம் கணக்கு முடங்கியதால் கைநழுவிப் போயிருந்தது. அதைப் பிறகுதான் சொன்னார். அந்த நிமிடம் எழுந்து சமையலறைக்குப் போனார். போய்விடலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டீயும் ஒரு கிண்ணம் மசாலா பொரியும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“உங்க திட்டு ஒருநாள் லேட்டா வந்திருந்தா என் டிடி போயிருக்கும். உங்க திட்டுதான் என் பணத்தைக் காப்பாத்துச்சு. சாப்பிடுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பிறகு கற்களைக் காட்டினார். ஊசிமருந்து வரும் அட்டைப்பெட்டிகளில் பஞ்சு விரித்து, ஒவ்வொன்றின் கீழும் எந்த ஊர், எந்த மாதம் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். சின்ன வயதில் சுரங்க ஊரான கிரிடீ பக்கம் இருந்தாராம். அங்கே தெருப்புழுதியிலேயே மைக்கா என்கிற அபிரகம் மின்னுமாம், பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு வந்து அடி வாங்குவாராம். அப்போது பிடித்ததுதான் இந்த ஆசை. ‘நுரி’ யாருடைய பெயர் என்று கேட்டேன். பெயர் இல்லை தீதி, வங்காளத்தில் கூழாங்கல் என்று அர்த்தம் என்றார். என் மீசைக்கார வியாபாரி அன்றோடு காணாமல் போனார்.

தெருமுனையில் இருந்த சைபர் கஃபேவுக்கு இரண்டு பேரும் போனோம். அவருக்கு வந்த கடிதம், எனக்கு வந்த கடிதம், பதினாறு கற்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துத் தளத்துக்கு அனுப்பினோம். நுரியைப் பற்றி நான் எழுதியது தவறு, அவரைப் பற்றி எதுவும் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று தனியாக ஒரு கடிதமும் எழுதினேன். அதை எழுத முதல் கடிதத்தைவிட நான்கு மடங்கு நேரம் பிடித்தது.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். மனசு லேசாகிவிட்டிருந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு யோசனை சொன்னேன்.

“இனிமே நமக்குள்ள எதுக்குப் போட்டி? பச்சை வந்தா நீங்க விட்டுடுங்க, வெள்ளை வந்தா நான் விட்டுடறேன். ரெண்டு பேருக்குமே சல்லிசா கிடைக்கும்.”

உடனே சரி என்பார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“நா, தீதி. வேண்டாம். அவன் இல்லாத ஆளைக் கொண்டுவந்து ஏலத்துல நிறுத்தினான். நாம இருக்கற ஆளை இல்லேன்னு ஒளிச்சு வைக்கப் போறோம். விக்கறவன் நல்லவனா இருந்தா அவனுக்கு நாம செய்யறதும் அதேதானே?”

எனக்குச் சுருக்கென்றது. நட்பாகச் சொன்னதை இப்படிச் சொல்கிறாரே என்றுகூட இருந்தது. மினிபஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அவர் சொன்னதற்கு ஒரு பதில் கண்டுபிடிக்கப் பார்த்தேன். டாக்குரியா வந்து, வீட்டுப் படி ஏறும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த விற்பனையாளர் மேல் எனக்கு இருந்த கோபம், திருட்டின் மேல் இருந்த கோபம் இல்லை, என் பணம் போகப் பார்த்ததே என்ற கோபம்தான் என்று அன்று முதல்முறையாகப் புரிந்தது.

பத்து நாளில் நுரியின் கணக்கு திரும்ப வந்தது. அந்த விற்பனையாளரின் பெயரும் அவருடைய போலிப் பெயரும் தளத்திலிருந்து காணாமல் போயின. பச்சைக் கல் என்ன ஆயிற்று என்று தெரியாது. அப்படி ஒரு கல் நிஜமாகவே இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

நான் ஏலத்தை விடவில்லை. ஆனால் வாங்கும் விதம் மாறிவிட்டது. முதலில் விற்பவரிடம் வெயிலில் வைத்து எடுத்த படம் கேட்பேன். விலை கேட்டவர்கள் பட்டியலைப் பார்ப்பேன். ஒரே விற்பனையாளரின் கற்களுக்கு மட்டும் விலை ஏற்றி, எதையும் வாங்காத பெயர் இருந்தால் அந்தப் பக்கமே போகமாட்டேன். எல்லாம் சரியாக இருந்தால், அந்தக் கல் எனக்கு எவ்வளவு பெறும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதை ஒரே தடவை பதிவு செய்துவிட்டுக் கணினியை அணைத்துவிடுவேன். அந்தக் காகிதத்தைக் கணவர் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க என் கற்களில் ஒன்றைத் தூக்கி வைப்பார். அவர் என் கற்களுக்குக் கண்டுபிடித்த ஒரே உபயோகம் அது.

குளிர்காலத்தில், நம்பகமான இன்னொரு விற்பனையாளரிடம் ஒரு பச்சைக் கல் வந்தது. முன்னதைவிடச் சின்னது. என் விலையை ஒரே தடவை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். வாரம் முடிந்து திறந்தால், என்னைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூடப் போட்டு நுரி எடுத்திருந்தார். கோபம் வருகிறதா என்று எனக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போன் அடித்தது.

“தீதி, நீங்க மட்டும் இல்லேன்னா பாதி விலைக்கு முடிச்சிருப்பேன்!” என்று பொய்க்கோபத்தோடு ஆரம்பித்தார். “பார்சல் வந்ததும் சொல்றேன், வந்து பாருங்க. பொரி நீங்க கொண்டுவாங்க, கல் என்னோடது.”

மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வெயிலில் வைத்து மூன்று பேரும் மாறி மாறி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மகளும் அவரும் மளமளவென்று வங்காளத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொந்தமாக வைத்திருந்தால்கூட அவ்வளவு நேரம் பார்த்திருப்பேனா தெரியாது.

இப்போது நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். அவர் இன்னும் பெஹாலாவில்தான் இருக்கிறார். என் அலமாரியில் பச்சைக் கல் இன்றுவரை இல்லை. ஆனாலும் எந்தப் போட்டியில் இறங்கினாலும், எதிரே நிற்பவர் என்னைப் போலவே ஆசைப்பட்டு வந்த ஒரு நிஜமான மனுஷி என்ற நினைப்பு முதலில் வந்துவிடுகிறது. அது வந்துவிட்டால், ஜெயித்தாலும் தோற்றாலும் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.