புல் தின்னாத ராஜா

எங்கள் பங்குக் கோயில் திருவிழா நாடகத்தில் மாமா நெபுகத்னேசர் ராஜாவாக வந்து நின்ற நிலை, அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பாபிலோன் மாடத்தில் நின்று, "இதெல்லாம் என் கையால் கட்டியது" என்று நெஞ்சில் தட்டுவார். மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அப்படியே அடங்கிவிடும். மாமா என்றால் என் கணவரின் அப்பா. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்குத் தண்டலாக, தலைமை மாலுமியாக இருந்தவர். தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். அதனால் ராஜா வேடம் கட்டியும் அவர் நடிப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை.

வேதாகமத்தில் அந்த ராஜாவின் கதை மாடத்தோடு முடிவதில்லை. தன்னைவிடப் பெரியவர் ஒருவர் இருப்பதையே மறந்தவனை மனிதர் நடுவிலிருந்து விரட்டி, மாடு மாதிரிப் புல் தின்ன வைக்கிறார் கடவுள். அந்தக் காட்சியில் மட்டும் மாமா நடிக்க மாட்டார். "புல்லு திங்கதுக்கு வேற எவனையாவது பாருங்கலே" என்று உள்ளே போய்விடுவார். அவருடைய அங்கியைப் போட்டுக்கொண்டு வேறொருவர் தவழ்வார். ஊரே சிரிக்கும். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன்.

நாங்கள் மில்லர்புரத்துக்குக் குடிவந்த பிறகு மாமாவுக்கு வாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, இடது கையிலும் நடுக்கம். கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில்தான். வீட்டில் நானும் மாமாவும் மட்டும். ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எனக்குக் கை இருக்குல்லா, நீ போளா" என்பார். சோறு பாதி நெஞ்சில், பாதி தரையில். வயிற்றுக்குள் போனது என்னவோ கொஞ்சம்தான். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். இப்படியே போனால் உடம்பு தாங்காது, மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் பிடுங்கிப் போடுவார் என்று எனக்குத் தெரியும்.

துடைத்துத் துடைத்து நான் ஓய்ந்துபோனேன். சாயங்காலம் வேதாகமத்தைத் திறந்தாலும் அதே ஆட்கள்தான். கடவுள் மாதிரி ஆக நினைத்த ஆதாம், தங்களுக்கென்று ஒரு பேர் வேண்டும் என்று கோபுரம் கட்டியவர்கள், அப்புறம் இந்த ராஜா. அவர்கள் எப்படி விழுந்தார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறது. ராஜா புல் தின்ற காலத்தில் அவர் வீட்டுப் பெண்கள் என்ன பாடு பட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. எனக்கு மாமா மேலும் கோபம் வந்தது, கடவுள் மேலும் வந்தது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் கோயில் பங்குச்சாமி நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவருவார். நாக்கில் வைக்கப் போன சாமியிடமும் மாமா இடது கையைத்தான் நீட்டினார். "கையில தாங்க சாமி." சாமி கொடுத்தார். கை நடுங்கி, அப்பம் தரையில் விழுந்துவிட்டது. ஆண்டவரின் உடலாகவே நாங்கள் வணங்கும் அப்பம் அது. சாமி முழங்கால் போட்டுக் குனிந்து, அதை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டார். ஈரத் துணி கேட்டு வாங்கி அந்த இடத்தைத் துடைத்தார். நான் தினமும் துடைக்கிற இடம் அது. சாமிக்கும் வயதாகிவிட்டது, எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த அப்பத்துக்கு அவர் கையை நீட்டவில்லை, வாயைத் திறந்தார்.

மத்தியானம் சோற்றைக் குழைத்து எடுத்துப் போனேன். சாமிக்கு வாயைத் திறந்தவர் எனக்கு முகத்தைத் திருப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டார். பாதித் தட்டு காலியானதும் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏளா, நீ சாப்பிட்டியா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. "இல்ல மாமா" என்றேன். தட்டை என் பக்கம் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டேன்.