கீழ்த்தாடைக்கு ஒரு மெத்தை

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நுங்கு மாதிரியில்ல இருக்கு தம்பி!" என்று அவர் சிரித்தார். பல்செட்டின் உட்புறத்தில் நான் படியவைத்திருந்த இளஞ்சிவப்பு மெத்தை அழுத்தினால் குழிந்தது, விட்டால் எழுந்தது. மயிலாடுதுறையில் ஒரு பல் மருத்துவரின் பின்னறையில் பல்செட் செய்கிறவன் நான். அவர் தரங்கம்பாடிக் கரையில் மீன் ஏலம் கூவுகிறவர், எங்களுக்கு ஏலக்காரம்மா. கீழ்த்தாடை எலும்பு தேய்ந்து, மழையில் கரைந்த வரப்புபோல ஒல்லியாகிவிட்டிருந்தது. வெறும் செட் அதன்மேல் உட்கார்ந்தால் சொல்லுக்குச் சொல் ஒரு குத்து. ஏலத்தின் நடுவே தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நின்றால் போதும், வாங்க வந்தவர்கள் பக்கத்தில் கூவும் ஓரகத்தியிடம் நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் பின்னாலேயே படகுக்காரர்களும் போய்விடுவார்கள். மெத்தை வைத்த பிறகுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

"இது பல்லு மாதிரி உழைக்காதும்மா. நாளாக ஆக இறுகும், அப்ப மாத்திக்கலாம். சுத்தமா மட்டும் வச்சுக்கங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாதக்கணக்கில் உழைக்க வேண்டியது சில வாரங்களிலேயே வெளுத்து, இறுகி, ஓரம் உரிந்து வந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே கதி. டாக்டர் என் கையையே பார்த்தார். கலவையைச் சந்தேகித்தேன், புது டப்பா வாங்கினேன், என் விரல்களையே சந்தேகித்தேன். மூன்றாம் முறை மேசையில் செட்டை வைத்துவிட்டு ஏலக்காரம்மா சொன்னார்: "எங்க ஓரவத்தி கேக்குறா தம்பி, பல்ல வாங்கினியா, வாடகைக்கு எடுத்தியான்னு. ரெண்டு படகு அவ பக்கம் போயிடுச்சு." முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

நான்காவது மெத்தை வைத்த செட்டை நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கரையில் ஏலம் முடிந்திருந்தது. ஏலக்காரம்மா ஐஸ் பெட்டிகளைக் கழுவ வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்திருந்தார். நெடி கண்ணைக் கரித்தது. பெட்டிகளைத் தேய்த்து முடித்தவர், மாற்றுக்குப் போட்டிருந்த பழைய செட்டைக் கழற்றி, அதே வாளியில் பொத்தென்று போட்டார்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க!"

பொக்கை வாயோடு திரும்பினார். "நீங்கதான சுத்தமா வச்சுக்கச் சொன்னீங்க? ஐஸ் பெட்டிக் கவுச்சியையே எடுக்குது, இத எடுக்காதா? உங்க ஊருக்கு வர்றப்ப பஸ்ல வாயத் தொறந்தா பக்கத்து சீட்டுப் பொம்பள மூக்கப் பொத்துறா தம்பி."

மெத்தையை வெளுக்கவைத்ததும் இறுகவைத்ததும் அந்த வாளிதான். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று எத்தனையோ கேட்டிருந்தோம். எதில் கழுவுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் சொல்லை அவ்வளவு மதித்த நோயாளி எங்களுக்கு வேறு யாருமில்லை. பச்சைத் தண்ணீரையும் மெல்லிய பிரஷ்ஷையும் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார், ஏமாந்த குரலில்.

அந்த மெத்தை மீன்பிடித் தடைக்காலத்தையும் தாண்டி உழைத்தது. போன வாரம் அதைக் கொண்டுவந்தார். பழுப்பேறி இறுகியிருந்தது.

"இதுவும் கெட்டுடுச்சா?"

"இல்லம்மா. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

"அப்ப குத்தமில்ல."

புதியதைப் பொருத்தி, ஒன்று இரண்டு சொல்லிப் பாருங்கள் என்றேன். அவர் வாயை இருமுறை அசைத்தார். பிறகு என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பிடித்து, சங்கரா மீன் கூடையை விற்பதுபோல, மூச்சு விடாமல் கூவத் தொடங்கினார். எங்கும் தடுக்கவில்லை. வெளியே காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர், வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டே, கையைத் தூக்கி விலை கேட்டார்.