பிரேக் மாஸ்டர் சொன்ன பரவாயில்லை

எங்கள் அத்தானை ஊரில் பிரேக் மாஸ்டர் என்றால்தான் தெரியும். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். பயிற்சிக் காரில் பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் வாத்தியாருக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி வாழ்க்கையை ஓட்டியவர் அவர். கியர் மாற்றத் தெரியாமல் விழிப்பவர்களிடம் கோபப்படவே மாட்டார். "மெதுவா, வண்டி கோவிச்சுக்கும்" என்பார். என்னிடம் மட்டும் அந்தத் தேன் ஒழுகும் பேச்சு கிடையாது. பெண்டாட்டியின் தம்பியைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது? "மாப்ள, உங்கக்கா என்னை ஓட்டுறதுல பாதி லட்சணமா நீ இந்த வண்டிய ஓட்டுனாப் போதும்" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவார். இன்று நான் சரக்கு வேன் ஓட்டிச் சாப்பிடுகிறேன் என்றால் அந்தத் திட்டு போட்ட சோறுதான்.

ஒருநாள் பாலத்து இறக்கத்தில் ஒரு பெண்மணி ஓட்டிக்கொண்டிருந்தபோது குறுக்கே சைக்கிள் ஒன்று வந்தது. அத்தான் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாகத்தான் நினைத்தார். கால் அசையவே இல்லை. கொஞ்சம் கழித்து, விருந்து முடிந்தபின் வரும் சொந்தக்காரரைப் போல வந்து சேர்ந்தது. சைக்கிள்காரர் சுதாரித்துக்கொண்டதால் பிழைத்தார். அத்தான் காரை ஓரம் கட்டச் சொன்னார், இறங்கினார், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பு வழுக்கிவிட்டது என்று அக்காவிடம் சொன்னார். புதுச் செருப்பு வாங்கினார், பிறகு ஷூ வாங்கினார், பிறகு முட்டிக்குத் தைலம். ஊரில் இருக்கிற அத்தனை வைத்தியமும் பார்த்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் உறை உண்டாம், அது அங்கங்கே அரிபட்டுப் போகிறதாம். இந்த நோயில் பலருக்கு விட்டு விட்டு வரும். திடீரென்று பார்வை மங்கும், கை மரக்கும், சில வாரத்தில் தெளியும். அதை அட்டாக் என்பார்கள். அத்தானுக்கு வந்தது அந்த வகை இல்லை. வந்தது, வந்ததுதான். நேற்றைவிட இன்று மோசம் என்று சொல்ல முடியாது, போன வருடத்தைவிட இந்த வருடம் மோசம் என்று கண்ணுள்ள எவனும் சொல்லிவிடலாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கைத்தடி, பிறகு நாலுகால் தடி, பிறகு சக்கர நாற்காலி. டிரைவிங் ஸ்கூலை விற்றார். பயிற்சிக் காரை வாங்கியவன் அந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று அத்தான் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் இவருக்குச் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: புதிதாக ஏதாவது அட்டாக் வந்ததா? வரவில்லை என்பார். நல்லது, அடுத்த தடவை பார்க்கலாம் என்பார்கள். அட்டாக் வராதவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமாம். நன்றாக இருப்பவரைத் தூக்கி வேனில் ஏற்ற எனக்கும் அக்காவுக்கும் மூச்சு வாங்கும்.

கடைசியில் அங்கே ஒரு நர்ஸுக்குத்தான் உறைத்தது. எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்போம். இந்த வகை நோயாளிகளுக்கு என்று தனியாக ஒரு உதவித் திட்டம் வேண்டும், அதை அவர்களையே உட்காரவைத்துக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கினார். மாதா மாதம் போன் செய்து விசாரிப்பது. சமாளிக்க முடியாதவர் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவரை அனுப்புவது. அவர் வந்து குளிப்பாட்டுவார், தூக்கி உட்காரவைப்பார், வீட்டிலிருப்பவர்களுக்கு முதுகு ஒடியாமல் தூக்கும் முறையைச் சொல்லித் தருவார்.

மாடியில் ஒரு அறையில் கூட்டம். அத்தானை அழைத்துப் போன நானும் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். சூடு பட்டால் இவர்களுக்குக் கை கால் இன்னும் துவண்டுபோகும் என்பதால் ஏ.சி.யை வைத்த வைப்பில் எனக்குப் பல் தந்தியடித்தது. சக்கர நாற்காலிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பூகோளம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருந்தார். வயது முப்பதுக்கு மேல் போகாது, மாமியார் வீட்டில் இருப்பவர், எழுந்து நிற்கவே மேஜையைப் பிடிக்க வேண்டியவர். முதலில் ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். அதில் 'படிப்படியாக முற்றும் வகை' என்று நோயின் பெயர் அச்சாகியிருந்தது. டீச்சர் அதைக் கண்ணருகில் வைத்துப் படித்துவிட்டு, "சிஸ்டர், எங்களுக்கு 'முற்றும்'னு போட்டுட்டீங்க. விட்டு விட்டு வர்றவங்களுக்கு 'தொடரும்'னு போடுவீங்களா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்க முடியாமல் கையேடுகளைத் திரும்ப வாங்கி அடுக்கினார்.

அடுத்தது போனில் கேட்கும் கேள்வி. எப்படி இருக்கிறீர்கள் என்றால் என்ன பதில்களை வைப்பது? முன்னேற்றம், மாற்றமில்லை, பின்னடைவு என்று எழுதி வைத்திருந்தார்கள். "இது என்ன சிஸ்டர், தேர்தல் ரிசல்ட்டா?" என்றார் அத்தான். பிறகு அவரே சொன்னார், மனுஷன் வாயில் வருகிற வார்த்தையை வையுங்கள் என்று. நல்லாருக்கேன், பரவாயில்லை, முடியல. இந்த மூன்று போதும். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. முடியல என்றால் வீட்டுக்கு ஆள் வரும், மற்ற இரண்டுக்கும் அடுத்த மாதம் போன் வரும் என்று முடிவாயிற்று. வேனில் திரும்பும்போது அத்தான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டு முணுமுணுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு தன்னால் ஒரு காரியம் ஆயிற்று என்ற சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பரவாயில்லை என்பது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று நாம் யோசிப்பதில்லை. வெள்ளைச் சட்டையில் காப்பியைக் கொட்டியவனிடம் பரவாயில்லை என்கிறோம். காய்ச்சல் விட்டால், இப்போது பரவாயில்லை என்கிறோம். சுமாராகப் பாடியவனையும் பரவாயில்லை என்கிறோம். போனுக்கு அந்தப் பக்கம் இருந்த சிஸ்டர் காய்ச்சல் விட்ட பரவாயில்லையைக் கேட்டார். இந்தப் பக்கம் அத்தான் சொன்னது காப்பி கொட்டிய பரவாயில்லை.

மாதா மாதம் அதையே சொன்னார். போனைக் காதில் வைத்துப் பிடிக்கக் கை நிற்காது, அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துத்தான் பேசுவார். கேள்வியும் வீடு முழுக்கக் கேட்கும், பதிலும் கேட்கும். அக்கா அடுப்படியில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலே காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அவள் தினமும் தன்னைவிடக் கனமான மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை. அவர்தான் பரவாயில்லை என்கிறாரே.

ஒரு நாள் காலை குளியலறையில் அவரைத் தூக்கும்போது அக்கா வழுக்கி விழுந்தாள். அவர் அவள்மேல் விழுந்தார். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அக்காவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் கடையிலிருந்து ஓடி வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு இருவரையும் தூக்கி எழுப்பினாள். அன்றிலிருந்து நான் காலையில் போய் அத்தானைக் குளிப்பாட்டினேன்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. முடியல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று கேட்டேன். இரண்டாவது சிக்னலில் சொன்னார்.

"மத்தவங்க இந்த மாசம் முடியலன்னா அடுத்த மாசம் முடியும் மாப்ள. எனக்கு முடியலன்னா, அது போனதுதான். உங்கக்கா காதுபட அத எப்படிச் சொல்லுவேன்?"

நான் வண்டியைப் பார்த்து ஓட்டினேன்.

கூட்டத்தில் பெரிய டாக்டரும் வந்திருந்தார், நல்ல உற்சாகத்தில். திட்டம் ஜெயித்துவிட்டதாம். கிட்டத்தட்ட எல்லோரும் பரவாயில்லை என்கிறார்களாம். வீட்டுக்குப் போக வைத்திருந்த ஆட்களுக்கு வேலையே இல்லாததால் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அத்தான் கை தூக்கப் பார்த்தார், பாதிதான் எழுந்தது. அக்காவின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னார். அந்த வார்த்தையை வைக்கச் சொன்னது என் தப்பு, எடுத்துவிடுங்கள் என்றார். சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது.

எடுக்கக் கூடாது என்று டீச்சர்தான் எதிர்த்தார். "என் மாமியார் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. நான் முடியலன்னு சொன்னா, அன்னைக்கே எங்கம்மா வீட்டுக்குப் போன் போகும், வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கன்னு. எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு. அதையும் புடுங்காதீங்க" என்றார். பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைக்கக் கை வராமல் தோளில் முகத்தைத் தேய்த்தார். வார்த்தை இருக்கட்டும், அதை நம்ப வேண்டாம் என்று நெடுநேரம் கழித்து முடிவாயிற்று. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபின் இன்னொன்றும் கேட்பது: நேற்று உங்களைக் குளிப்பாட்டியது யார்? அதற்கு ஒரு ஆளைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். பரவாயில்லை என்று ஒரு ஆள் கிடையாது. டீச்சர் கொடுத்த யோசனை அது. வார்டுக்குப் போன ஆட்களைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பதாக டாக்டர் சொன்னார், உற்சாகம் இல்லாமல்.

அதன்பின் எனக்கு வெளியூர் லோடு ஒன்று வந்தது. மறுக்க முடியாத லோடு. காலையில் யார் வருவார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "நீ போயிட்டு வாடா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். திரும்பி வந்ததும் வேனை நிறுத்திய கையோடு அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். அத்தான் தலை வாரி, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். எப்படிச் சமாளித்தீர்கள் என்றேன். சமாளித்தோம் என்றாள் அக்கா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கடைக்குப் போகவில்லை என்பதை நான் கவனித்தேன், காரணம் கேட்கத் தோன்றவில்லை.

நான் இருக்கும்போதே சிஸ்டரின் போன் வந்தது. மகள்தான் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அத்தான் வழக்கமான பதிலைச் சொன்னார். சிஸ்டர் அதைத் தாண்டி அடுத்ததற்கு வந்தார்.

"நேத்து உங்களக் குளிப்பாட்டுனது யாரு, மாஸ்டர்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தது போல இருந்தது. நேற்று நான் ஊரிலேயே இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் மக" என்றார். துணி மடித்த கை நின்றது. "நான் கண்ண மூடிக்கிட்டேன் சிஸ்டர். அவளும் மூடிக்கிட்டாளாம், அதனால தண்ணிய விளாவுனது சரியாத் தெரியல. சுடுதாப்பான்னு கேட்டா. இல்லம்மான்னேன்."

போனில் சிஸ்டர் மூச்சு விடுவது கேட்டது.

"ரொம்பச் சுட்டுச்சு. எனக்கு முடியல."

சிஸ்டர் நாளைக் காலையே ஆள் அனுப்புவதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. மகள் எழுந்து வந்து, அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தோரத்தை விலக்கித் தோளைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை.